சுல்தானுக்கு எந்தச் சக்தியும் இல்லை

அற்புதமலருக்கு மீன் என்றால் ஆகாது. குழம்பில் கிடந்தாலும் ஆகாது, கண்ணாடித் தொட்டியில் நீந்தினாலும் ஆகாது. அப்படிப்பட்ட மனுஷிதான் பண்டாரவளையில், பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறங்கும் படிக்கட்டு ஓரத்தில், மூன்று வருடம் அலங்கார மீன் கடை நடத்தினாள். வெறுத்துக்கொண்டே நடத்தினாள். வெறுப்பை மறைக்கவும் இல்லை.

பக்கத்துக் கடை என்னுடையது. கண்ணாடி வெட்டுவதும் படங்களுக்குச் சட்டம் போடுவதும் என் தொழில். அவள் கடைத் தொட்டிகளை ஒட்டிக் கொடுத்தவனும் நான்தான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே இதில் பாதி நான் பார்த்தது, மீதி பலகை வழியாகக் கேட்டது.

மலர் பிறந்தது ஹல்துமுல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதினெட்டு வயதில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்க வைப்பாளாம். ஒன்று எழுந்தால் மற்றது எழாமல் பார்த்துக்கொள்வாளாம். அவளுக்குத் தெரிந்த தொழில் அதுதான். பிடித்த தொழிலும் அதுதான்.

பிறகு பாக்கியநாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பாக்கியநாதன் நல்ல மனிதன், குடி கிடையாது, சீட்டு கிடையாது. மீன் உண்டு. சம்பளத்தை மீனுக்குக் கொடுத்தான், ஞாயிற்றுக்கிழமையை மீனுக்குக் கொடுத்தான், கடைசியில் அதையே கடையாகவும் போட்டான். கடை அவனுக்குச் சோறு போடவில்லை என்பதால் லொறி ஓட்ட குவைத்துக்குப் போனான். போகிற அன்று கடைச் சாவியை மலர் கையில் வைத்து, "என் மூச்சே இதுலதான் இருக்கு மலர்" என்றான்.

"மூச்ச இங்க வச்சிட்டு எதுல போறீங்க குவைத்துக்கு?" என்று கேட்டாள் அவள்.

அப்படித் தொடங்கியது வியாபாரம்.

மலர் மீன் விற்ற முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு கடைக்காரர் தன் சரக்கில் இருக்கும் குறையை மறைப்பார். மலர் குறையிலிருந்துதான் தொடங்குவாள். ஒரு புதுமணத் தம்பதி வந்து, சிவப்பும் நீலமுமாக மின்னும் சின்ன மீன்களைக் காட்டி, "இது எவ்வளவுங்க?" என்று கேட்டார்கள்.

"விலை பிறகு சொல்றேன். வீடு எங்க?"

"தியத்தலாவை."

"அப்ப வேணாம். இது சூட்டு ஊர் மீன். அந்தக் குளிருக்கு நமக்கு ஸ்வெட்டர் இருக்கு, இதுக்கு இல்ல. ரெண்டு நாள்ல வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்கும். புதுசாக் கல்யாணம் கட்டின வீட்டுல எதுக்கு அது?"

"அப்ப எந்த மீன் நல்லம்?"

"தங்க மீன் குளிர் தாங்கும். ஆனா வாரா வாரம் தொட்டி கழுவணும். கோழி வளர்த்தா முட்டை வரும், ஆடு வளர்த்தா குட்டி வரும். இத வளர்த்தா கழுவுற வேலை வரும். யோசிச்சிட்டு வாங்க."

அவர்கள் யோசித்தார்கள். திரும்பி வரவில்லை.

சிலர் தங்க மீன் வாங்கிப் போய், சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் பீலித் தண்ணீரை மாற்றுவார்கள். மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் அது. குடித்தால் பல் கூசும். மீன் செத்துப்போகும். "வீட்டுக்கு வந்த கெட்டத மீன் வாங்கிக்கிச்சு" என்று சந்தோஷமாக அடுத்த மீன் வாங்க வருவார்கள். எந்தக் கடைக்காரனும் கும்பிட்டு வரவேற்க வேண்டிய ஜனம். மலர் என்ன செய்வாள் தெரியுமா? "ஒண்ணையும் வாங்கல. நீங்கதான் ஒரேயடியாக் குளிர் தண்ணிய ஊத்திக் கொன்னீங்க" என்பாள்.

எதிரே போன் கடை வைத்திருக்கும் றுஷ்திக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு நாள் படியேறி வந்து சொன்னான்.

"அக்கா, பதுளையில ஒரு கடையில இதே மீன வாஸ்து மீன்னு சொல்லி மூணு மடங்குக்கு விக்கிறாங்க. நீங்க ஒரு பொய் சொல்ல வேணாம். வாய மூடிக்கிட்டு இருந்தா போதும்."

"வாய மூடிக்கிட்டு இருக்கிறதும் பொய்தானே தம்பி."

"அப்ப உங்களுக்கு மீன் பிடிக்காதுன்னு மட்டுமாவது சொல்லாதீங்க."

"கேக்கிறாங்க, சொல்றேன்."

"எந்தக் கடையிலக்கா அப்படிக் கேக்கிறாங்க?"

அது உண்மைதான். இங்கே மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

போன செப்டம்பரில் சேர்ச்சிலிருந்து சிஸ்டர் றொஷேல் வந்தார். பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, ஜனவரி இரண்டாம் திகதி வர முடியுமா என்று கேட்டார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது, அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது. அன்று பகலே குவைத்துக்கு வீடியோ கோல் போட்டாள்.

பாக்கியநாதன் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னான். பிறகு, "சரி மலர், கடைய மூடு. நான் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆகும். ஆனா சுல்தான் இருக்கானே" என்றான்.

சுல்தான் என்பது ஒரு பிளவர்ஹோர்ன் மீன். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு புடைப்பு, முட்டைக் கண், எப்போதும் கோபம். வேறு எந்த மீனோடும் சேராது. பக்கத்தில் விட்டால் தின்றுவிடும். தொட்டிக்குள் கை விட்டால் கடிக்கும். குளிருக்கு ஆகாது, இரவும் பகலும் ஹீட்டர் வேண்டும். அதன் விலைக்கு ஒரு பசுக்கன்று வாங்கலாம். பாக்கியநாதன் பிள்ளை மாதிரி வளர்த்தான். எந்தப் பிள்ளை இப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"மத்த மீன யாருக்கு வேணும்னாலும் குடு. சுல்தான மட்டும் நல்லாப் பாத்துக்கிற ஆளுக்கு வித்திரு. சும்மா குடுத்தா மதிக்க மாட்டாங்க. மொத்தக் கடைக்குக் குடுத்துராத, ஆத்துல விட்டுராத. அவன் போனப் பிறகு கடைய மூடு. சத்தியம் பண்ணு."

மலர் சத்தியம் செய்தாள். அவளுக்கு அது லேசாகத் தெரிந்திருக்கும். டிசம்பர் முடிவதற்குள் ஒரு மீனை விற்க வேண்டும். விற்றால் பாலர் பாடசாலை. விற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிடுவாள், இவள் இன்னும் இரண்டு வருடம் சுல்தான் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஒரு பொய் போதும். சுல்தானின் வயிற்றோரம் கறுப்புப் புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடும். பதுளைக் கடைக்காரன் கையில் கிடைத்திருந்தால் வருகிறவர் நெற்றியைப் பார்த்து அதில் ஓம் என்றோ சிலுவை என்றோ வாசித்துக் காட்டியிருப்பான். மலரிடம் ஒருவர், "இது ஏதோ எழுத்து மாதிரி இருக்கே" என்று கேட்டபோது, "எனக்கு கிரீஸ் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள்.

அக்டோபர் முடிவதற்குள் மற்ற மீன்கள் போய்விட்டன. காலித் தொட்டிகளின் நடுவில் சுல்தான் மட்டும், விற்பனைக்கு வந்த ஒரு மந்திரி மாதிரி.

நவம்பர் முதல் வாரம் இராசையா வந்தார். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகிறவர் மாதிரிக் கோட்டும் குடையும். அவர் வீடு மேட்டு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா. அதற்குப் பின்னால் மலை. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு அந்தப் பக்கத்து ஜனம் மலையைப் பார்க்கும் பார்வையே வேறு. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், ஆபத்து என்று சிவப்புப் போர்டு நட்டார்கள், மழை அளக்கும் போத்தல் ஒன்றைக் கம்பத்தில் கட்டினார்கள். அதில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கீழே இருக்கும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். புது வீடு வரும், பெயர் பட்டியலில் இருக்கிறது என்றார்கள். போர்டு வந்து ஒன்பது வருடம். பட்டியல் பத்திரமாக இருக்கிறதாம்.

இராசையா சுல்தானின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏம்மா, இந்த மீன் வீட்டுக்கு வர்றதத் தடுக்கும்னு சொல்றாங்களே."

"என்னது வருது ஐயா வீட்டுக்கு?"

"மலைதான்."

மலர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மலை வந்தா இது தடுக்காது. இதுவும் சேர்ந்துதான் புதையும்."

"நீ சின்னப் பிள்ளை. உனக்குத் தெரியாது. பெரிய மீனு, நெத்தியப் பாரு."

"அது கொழுப்பு ஐயா."

"காசு கொண்டாந்திருக்கேன். மகன் கொழும்புல இருந்து அனுப்பினான்."

"அந்தக் காசுக்கு மழைக் காலத்துல ரெண்டு மாசம் கீழ டவுன்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு இருங்க. இந்தக் காரியத்துக்கு இத விக்க மாட்டேன். வேற யாருக்கு வேணும்னாலும் விக்கிறேன், உங்களுக்கு மாட்டேன்."

முதல் தடவையாக அந்த மீனுக்கு முழு விலையும் கொடுக்க ஒருவர் வந்தார். அவரையும் அனுப்பிவிட்டாள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் தலையில் கை வைத்தேன். றுஷ்தி அவன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த வியாபாரியும் யோசித்திருக்க முடியாது. இராசையா பஸ்ஸில் போகும்போது நாலு பேரிடம் சொன்னார். "விக்கிறதுக்குத்தான் வச்சிருக்கா. ஆனா நான் கேட்டா மாட்டேங்கிறா." நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். வாயால் போகப் போக, விற்க மாட்டேன் என்றவள் தானே வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று ஆனது. தானே வைத்துக்கொள்கிறாள் என்றால் சும்மாவா? புருஷனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது எதனால்? அவளுக்கு சேர்ச்சில் உத்தியோகம் கிடைத்தது எதனால்?

ஒரு வாரத்தில் கூட்டம். ஹப்புத்தளையிலிருந்து வந்தார்கள், எல்லவிலிருந்து வந்தார்கள். மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஜுனைதீன் முதலாளியே வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, நான் இந்த சக்தி கிக்தி ஒண்டும் நம்புறல்ல. விலையச் சொல்லுங்க."

"நம்பலைன்னா எதுக்கு முதலாளி?"

"எல்லாரும் கேக்கிறாங்களே."

"உங்க ஸ்டோர்ல ஹீட்டர் இருக்கா?"

"கரட்டுக்கு எதுக்கு ஹீட்டர்?"

"அப்ப ஒரு வாரம் தாங்கும். மரக்கறியோட சேர்த்து இதையும் தூக்கிப் போடுவீங்க. வேணாம்."

அவர் போகும்போது என் கடைப் பக்கம் திரும்பி, "சரியான கெட்டிக்காரி. விலைய ஏத்துறா" என்றார்.

அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல மீனுக்கு மதிப்பு ஏறியது. "இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்றார்கள். "கடிக்கும்" என்றாள். காவல் காக்கிற மீன் என்றார்கள். ஒரு அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் தேங்காய் உடைக்கப் பார்த்தார். கேட்டவர்களில் ஒருவருக்கும் மீன் மேல் ஆசை கிடையாது. நன்றாகப் பார்த்துக்கொள்ளாத ஆளிடம் கொடுக்கக் கூடாது என்று சத்தியம். சத்தியம் வாங்கியவனோ குவைத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருக்கிறான். இவளும் மீனை வெறுப்பவள், ஆனால் மூன்று வருடத்தில் ஒரு வேளை தீனி தவறியதில்லை. அந்த மாதிரி ஒரு ஆள்தான் வேண்டும். பண்டாரவளையில் அந்த மாதிரி ஒரு ஆள்தான் இருந்தாள்.

நவம்பர் கடைசியில் இராசையா திரும்பி வந்தார். இந்தத் தடவை நேராக என் கடைக்கு.

"மூணடித் தொட்டி ஒண்ணு செஞ்சு குடுப்பா."

நான் செய்து கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. உண்மை பேசுவது பக்கத்துக் கடை வியாபாரம், என்னுடையது கண்ணாடி. தொட்டி காய்ந்ததும் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலரிடம் போனார். பெட்டிக்குள் புது ஹீட்டர், தண்ணீரின் சூடு பார்க்கிற கருவி, தீனிப் பக்கெட்.

"இத எல்லாம் எங்க வாங்கினீங்க?" என்றாள் மலர்.

"பதுளையில. அங்க ஒருத்தன் இதே மாதிரி மீன் வச்சிருக்கான். மலை என்ன, கடலே வந்தாலும் தடுக்கும்னு சொன்னான்."

"பிறகு ஏன் அங்கேயே வாங்கல?"

இராசையா கோட்டைச் சரி செய்தார். "அவன் எல்லாத்துக்கும் ஆமாங்கிறான். எனக்கு அது சரிப்படல. நீ குடுக்கலைன்னா வேற வழியில்ல, அவன்கிட்டத்தான் வாங்கணும்."

மலர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே வாங்கினால் பொய்யோடு வாங்குவார். பொய்யை நம்பி மழையில் வீட்டுக்குள்ளேயே இருப்பார். இங்கே விற்காமல் இருப்பதால் அவளுக்கு மனசு சுத்தமாக இருக்கும், கிழவருக்கு ஒரு லாபமும் இல்லை.

"விக்கிறேன். ஆனா ஒரு பேப்பர் எழுதுவேன். வாசிச்சுக் காட்டுவேன். நீங்க கையெழுத்து வைக்கணும்."

"எழுது."

பாடசாலைக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். அந்தப் பேப்பர் இப்போது எனக்கு மனப்பாடம். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

"இந்த மீனின் பெயர் சுல்தான். சுல்தானுக்கு எந்தச் சக்தியும் இல்லை. இது அதிர்ஷ்டம் தராது. கெட்டதை வாங்காது. விரலை விட்டால் கடிக்கும்.

இது சூட்டுத் தண்ணீர் மீன். கரண்ட் போய் ஹீட்டர் நின்றால் குளிரில் செத்துப்போகும். செத்தால் குளிரால் செத்தது. வேறு எதனாலும் இல்லை.

மலை இந்த மீனுக்குப் பயப்படாது. மழைப் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால், மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டில் உள்ள எல்லாரும் உடனே கீழே பாடசாலைக்குப் போக வேண்டும்.

வாசிக்கக் கேட்டு விளங்கிக்கொண்டேன்."

இராசையா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கையெழுத்து வைத்தார். பிறகு, "சீல் எங்கம்மா?" என்றார்.

"சீல் எதுக்கு ஐயா?"

"சீல் இல்லாம எப்படிப் பேப்பராகும்?"

பாக்கியநாதன் காலத்து ரப்பர் சீல் ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. 'பாக்கியம் அலங்கார மீன் நிலையம்', நடுவில் ஒரு மீன். மை காய்ந்திருந்தது. எச்சில் தொட்டுக் குத்தினாள். இராசையா தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஒரு மாசம் வச்சுப் பாருங்க. சரிப்படலைன்னா திருப்பிக் கொண்டாங்க, காச வாங்கிக்கலாம்" என்றாள் மலர். சொல்லும்போது குரல் இறங்கியது. ஒரு மாதம் என்றால் டிசம்பர் முடிவு. திரும்பி வந்தால் பாலர் பாடசாலை போச்சு. யாரும் கேட்காத வாக்குறுதியை வலியப் போய்க் கொடுக்கிற வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் இராசையா என் கடை திறக்கும் முன்பே நின்றார். கையில் அந்தப் பேப்பர்.

"கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடு. தங்கக் கலர் ஓரம்."

"இது சக்தி இல்லன்னு எழுதின பேப்பர் ஐயா."

"தெரியும். வாசிச்சுத்தானே கையெழுத்து வச்சேன். சீல் இருக்குல்ல?"

சிரிக்க வேண்டாம். இங்கே பேப்பர் என்பது வேறு சங்கதி. எங்கள் மலையகத்து ஆட்கள் எத்தனையோ வருடம் எந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஒரு பேப்பர் இல்லாமல் இருந்தவர்கள். பிறகு கிடைத்த பிரஜாவுரிமைப் பேப்பரைத் தகரப் பெட்டிக்குள், சேலை மடிப்புக்குள், சாமிக்குப் பின்னால் வைத்தவர்கள். என் கடையில் எத்தனை பேப்பருக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். வேலை தர முடியாது என்று வந்த கடிதத்துக்குக்கூட ஒருவர் சட்டம் போட்டுப் போனார். மேலே அரசாங்க முத்திரை இருந்ததாம். என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது விஷயம்.

இராசையா வீட்டில் அது முருகன் படத்துக்கும் அவர் அப்பா படத்துக்கும் நடுவில், சுல்தான் தொட்டிக்கு மேலே ஏறியது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அவர் அதைச் சத்தமாக வாசிப்பாராம். எழுத்துத் தெரியாத அவர் மனைவி கருப்பம்மா கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். சுல்தானுக்கு எந்தச் சக்தியும் இல்லை என்ற வரி வரும்போது சூடம் காட்டுவார்களாம்.

டிசம்பர் பதினெட்டுக்கு மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மலர் கடையில் காலித் தொட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே வாசலைப் பார்ப்பாள். கடைசி நாட்களில் அவளுக்கு அந்த வாசலில் எதைப் பார்க்கப் பயமாக இருந்ததென்று எனக்குத் தெரியும். ஒரு வாளியும் அதற்குள் சுல்தானும்.

முப்பதாம் திகதி காலை பத்து மணிக்கு இராசையா வந்தார். கையில் ஒரு பை. மலர் எழுந்து நின்றாள்.

"திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா ஐயா?"

"இல்லம்மா. இது தேயிலைத் தூள். வீட்டுக்கு வச்சுக்க."

உட்கார்ந்து சொன்னார். மழை பிடித்த மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஹீட்டர் நின்றது. இராசையா அடுப்பில் தண்ணீர் காய வைத்து, போத்தலில் அடைத்துத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். கருப்பம்மா வெளியே போய் மழைப் போத்தலைப் பார்த்துவிட்டு வந்து, "சிவப்புக் கோட்டத் தொட்டிருச்சு" என்றார்.

"இரு புள்ள, மீன் விறைக்குது."

"மீன அப்படியே விட்டுட்டுன்னு எழுதியிருக்கு."

"இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

"பேப்பர்ல சீல் வச்சிருக்காய்யா. உன் இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு நீ யாரு?"

இராசையா சுடுதண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். இரண்டு பேரும் இறங்கினார்கள். கங்காணியே குடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, அந்த லயத்தில் மற்ற ஒன்பது காம்பராவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கியது. நாலு மணிக்கு மலை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி மூன்று காம்பராவின் குசினிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த நேரம் குசினியில்தான் எல்லாரும் அடுப்பைச் சுற்றிக் குளிர் காய்ந்துகொண்டு இருப்பார்கள்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முன்னறையில் தொட்டி அப்படியே நின்றது. சுல்தான் மட்டும் செத்துக் கிடந்தான்.

"மீன் வாங்கிக்கிச்சும்மா" என்றார் இராசையா.

மலருக்குக் கண் சிவந்துவிட்டது. "ஐயா, அது குளிர்ல செத்துச்சு. பேப்பர்லயே போட்டிருக்கேன். செத்தா குளிரால செத்தது, வேற எதாலும் இல்லன்னு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். எப்படிச் சாகும்னு முன்னாடியே போட்டிருந்துச்சே."

"கரண்ட் போனா சாகும்னு யாருக்கும் தெரியும்."

"எப்ப வெளிய போகணும்னும் போட்டிருந்துச்சு."

"அது அதிகாரிங்க சொன்னது. ஒன்பது வருசமா அந்தப் போத்தல்லயே இருக்கு."

"இருக்கு. யாரு பார்த்தா? மீன் வந்த பிறகுதானே பார்த்தோம்."

"பேப்பரப் பார்த்துட்டுப் போனீங்க. மீனப் பார்த்து இல்ல."

"பேப்பர் எதோட வந்துச்சு? மீனோட வந்துச்சு. நீ எங்க உக்காந்து எழுதின? மீனுக்குப் பக்கத்துல."

மூன்று வருடத்தில் மலர் பேச முடியாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இப்ப என்ன ஐயா வேணும்? இன்னொரு மீனா? என்கிட்ட இல்ல. நாளைக்குக் கடைய மூடுறேன்."

"மீன் வேணாம். லயத்துல ஒன்பது வீட்டுக்காரரும் கேக்கிறாங்க. அந்தப் பேப்பர் ஒண்ணு ஒண்ணு வேணுமாம். சீலோட."

மலர் என்னைப் பார்த்தாள். நான் தங்கக் கலர் ஓரம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தேன்.

அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். மீன் இல்லாத வீடுகள்தானே என்று முதல் இரண்டு பந்தியையும் விட்டுவிட்டு, மலையும் மழைப் போத்தலும் வருகிற பந்தியை மட்டும் எழுதினாள். இராசையா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுசா எழுதும்மா. ஒரு வரிய விட்டா வேலை செய்யுமோ செய்யாதோ."

ஆக, மீனே இல்லாத ஒன்பது வீட்டுக்கும், விரலை விட்டால் கடிக்கும் என்பது உட்பட, முழுதாக ஒன்பது தாள் எழுதினாள். பொய் ஒரு வரி கிடையாது. காசும் வாங்கவில்லை. ஒன்பது தடவை எச்சில் தொட்டு சீல் குத்தினாள். கடைசித் தாளில் மீன் பாதிதான் விழுந்தது. அதற்குத்தான் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை பிடித்தார்களாம், அபூர்வமானதாம்.

அன்று மத்தியானம் குவைத்துக்குப் பேசினாள். பாக்கியநாதன் அழுவது பலகை வழியாகவும் கேட்டது.

"கஷ்டப்பட்டானா மலர்?"

"தெரியாதுங்க. நான் பக்கத்துல இல்ல."

வேறு ஒருத்தியாக இருந்தால், இல்லை, தூங்குகிற மாதிரிப் போனான் என்றிருப்பாள். இவள் கொஞ்சம் பொறுத்து, "அந்த ஐயா கடைசி வரைக்கும் சுடுதண்ணி வச்சுப் பார்த்திருக்காரு. நல்ல ஆளுகிட்டத்தான் குடுத்தேன்" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஜனவரி இரண்டாம் திகதி மலர் பாலர் பாடசாலைக்குப் போனாள். காலையில் என் கடையைத் தாண்டித்தான் போகிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது, பார்த்துப் பழக்கமில்லாததால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் வரைந்த படத்தை உள்ளபடி சொல்கிறாளாம். றுஷ்தி அவள் கடை இடத்தைத் தன் கடைக்குச் சேர்த்துக்கொண்டான். போன் வாங்க வருகிறவர்களிடம் அவன் சொல்வதையும் பலகை வழியாகக் கேட்கிறேன். பலகைக்கு வயதாகிவிட்டது, இவ்வளவு பொய் தாங்குமா தெரியவில்லை.

மேட்டு லயத்தில் பத்து வீட்டிலும் நான் சட்டம் போட்ட பேப்பர் தொங்குகிறது. குசினி போன மூன்று வீட்டுக்குத் தகரம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்புப் போர்டுக்குப் புதுப் பெயின்ட் பூசியாயிற்று. புது வீட்டுக்கான பேப்பர் மட்டும் இன்னும் வரவில்லை. பட்டியல் பத்திரமாக இருக்கிறதாம். வந்தால் போடுவதற்குப் பத்துச் சட்டம் வெட்டி வைத்திருக்கிறேன். தூசி பிடிக்கிறது.